கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவே

திருக்குறளின் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் 94ஆவதாகச் சூது அமர்ந்திருக்கிறது. எங்களில் ஒருத்தி இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இவ்வதிகாரங்களைப் பாடம் நடத்தி வருபவள். அந்த வரிசை அவளை ஒருநாளும் உறுத்தியதில்லை. தம்பியை இரண்டாம் முறையாகப் போதை மீட்பு மையத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிய இரவில்தான் அது உறுத்திற்று.

நாங்கள் என்று இங்கே எழுதுவது மூன்று பெண்களை: அம்மா, தம்பியின் மனைவி, தமக்கை. முடிவுகளை மூவரும் கூடித்தான் எடுத்தோம். ஆகவே இதில் வரும் பிழைகளில் எவரும் தனியே தப்பித்துக்கொள்ள வழியில்லை.

முதல்முறை அவனை அனுப்பியது 2019இல். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தோம். மறுமுனையில் பேசியவர் மிகுந்த கனிவோடு மூன்று கேள்விகள் கேட்டார். பணம் கட்டப்போவது யார்? அவர் எத்தனை மணிக்கு அயர்ந்து தூங்குவார்? ஆள் எவ்வளவு எடை இருப்பார்? எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறான், நிறுத்தினால் கை நடுங்குமா, வலிப்பு வந்ததுண்டா என்று எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் கேள்வியின் பொருள், மறுநாள் அதிகாலை வேனிலிருந்து நால்வர் இறங்கியபோதுதான் விளங்கிற்று. இருபுறமும் கைகளைப் பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். அவன் ஒரே ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தான். வாசலில் அவன் செருப்பு கிடந்தது.

மாதத்திற்குப் பதினைந்தாயிரம் ரூபாய்; மருந்துச் செலவு தனி; வேனுக்கு ஆறாயிரம். அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று. முதல் பதினைந்து நாட்கள் பார்க்க அனுமதியில்லை என்றார்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்: அன்றிரவு நாங்கள் மூவரும் நன்றாகத் தூங்கினோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தூக்கம் அது.

முப்பத்தோராம் நாள் முகம் மழித்து, எடை கூடி, பணிவோடு வீடு திரும்பினான். முப்பத்து நான்காம் நாள் குடித்தான். மையத்தை அழைத்தோம். "நீங்கள் சீக்கிரம் கூட்டிப்போய்விட்டீர்கள், இன்னும் இரண்டு மாதம் இருந்திருக்க வேண்டும்" என்றார்கள். பிழை எங்களுடையதாயிற்று, கட்டணமும் எங்களுடையதாயிற்று.

இந்த முப்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோது, இத்தொழிலுக்கு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டுவைட் என்னும் சிற்றூரில் லெஸ்லி கீலி என்ற மருத்துவர் 1879இல் ஒரு நிலையம் தொடங்கினார். தங்கம் கலந்த மருந்து என்று விளம்பரம் செய்து நாளுக்கு நான்கு ஊசிகள் வீதம் ஏறத்தாழ நான்கு வாரங்கள் போட்டார்கள். அதன் சேர்மானத்தைக் கடைசிவரை கமுக்கமாக வைத்திருந்தார். அந்த நிலையத்திற்கு இருநூறுக்கும் மேற்பட்ட கிளைகள் முளைத்தன. மருந்து மறைந்துபோயிற்று, நான்கு வாரம் மறையவில்லை. 1949இல் மின்னசோட்டாவில் தொடங்கப்பட்ட ஹேசல்டன் இல்லத்தின் வழியில் பரவிய சிகிச்சை முறையும் காலப்போக்கில் 28 நாட்களில் நிலைபெற்றது. காப்பீட்டு நிறுவனங்களும் அந்தக் கணக்கை ஏற்றுப் பணம் கொடுத்தன. அதே நாட்டின் தேசியப் போதைப்பழக்க ஆய்வு நிறுவனமோ, 90 நாட்களுக்குக் குறைந்த சிகிச்சையால் பயன் சொற்பமே என்கிறது. மீண்டும் பழக்கத்திற்குத் திரும்புவோர் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் என்றும், ஆஸ்துமா, இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களிலும் அப்படித்தான் என்றும் அது சொல்கிறது. அப்படியானால் முப்பத்து நான்காம் நாள் குடித்த தம்பி அதிசயப் பிறவி அல்லன். அதை எங்களிடம் முன்கூட்டிச் சொல்வதால் மட்டும் எவருக்கும் வருமானமில்லை.

மீண்டும் விழுவதே வருமானமாகிவிடும் நிலையும் அந்நாட்டில் வந்தது. 2008, 2010ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் போதை சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் கிடைக்க வழிசெய்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் ஃபுளோரிடாவில் நோயாளிகளைப் பிடித்துத் தருவதற்குத் தரகர்கள் தோன்றினார்கள். சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கே பெருந்தொகை எழுதப்பட்டது. வெளியே வந்து மீண்டும் விழுந்தவரை இன்னொரு மையம் வாங்கிக்கொண்டது. இத்தகைய தரகுப் பணத்தைக் குற்றமாக்க 2018இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது, இரண்டாம் முறை எங்களை ஏற்றிச்சென்ற கார் ஓட்டுநர் வெள்ளந்தியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: "ஆள் சேர்த்துவிட்டா எனக்கும் ஏதோ குடுப்பாங்கம்மா."

நம் நாட்டில் இத்தொழில் ஏன் இப்படித் தழைக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனுமொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சியோரின் வீடுகளில் எங்களைப் போன்ற மூன்று பெண்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். இத்தொழிலின் சந்தை அந்த விழிப்புதான். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் 2003 நவம்பரில் எடுத்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் மூவாயிரத்து அறுநூறு கோடி ரூபாயை ஒட்டியிருந்த மது வருவாய், 2023-24இல் 45 ஆயிரம் கோடியைத் தாண்டியது. ஒரே குடும்பம் மாலையில் ஒரு கல்லாவிலும் மாதக் கடைசியில் இன்னொரு கல்லாவிலும் பணம் கட்டுகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. தானே முடிவெடுக்க இயலாத ஒருவரைப் பிறர் விண்ணப்பத்தின்பேரில் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது அறவே கூடாது. நாங்கள் கொடுத்தது ஆதார் அட்டையின் நகலும் ஒரு கையெழுத்தும்தான். சட்டம் மீறப்படுகிறதென்று அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கையெழுத்திட்டிருக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு பொடியும் வாங்கினோம். குடிப்பவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம் என்ற விளம்பரம், மனைவியையும் தாயையும் பார்த்தே பேசியது. நாற்பது நாட்கள் சாம்பாரில் கலந்தோம், ஒன்றும் நிகழவில்லை. பின்னர்தான் டைசல்ஃபிராம் பற்றித் தெரிந்துகொண்டோம். 1948இல் டென்மார்க்கில் குடிநோய்க்கு மருந்தாகக் கண்டறியப்பட்டது. அதை உட்கொண்டவர் குடித்தால் உடல் கொதித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உண்பவர் அறிந்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டியது. எங்கள் பொடி வெறும் பொடியாக இருந்தது எங்கள் நல்லூழ்.

எல்லாமே வணிகம் என்று சொல்வது நன்றியின்மை. சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் உருவாக்கியது. அங்கே குடும்பத்தினருக்கும் சிகிச்சை உண்டு. குடிநோய் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வந்துவிட்ட நோய் என்பதை, அதைத் தன் வீட்டில் கண்ட ஒருவர்தான் நிறுவனமாக்க முடிந்திருக்கிறது.

இதை எங்களுக்குச் சொன்னவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இளம் மனநல மருத்துவர். 2022இல் புறநோயாளிச் சீட்டோடு வரிசையில் நின்று உள்ளே போனோம். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்க, அவர் கையமர்த்திவிட்டுத் தம்பியிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தூக்கம் வரணும் சார்" என்றான். அதுவரை அந்தக் கேள்வியை நாங்கள் அவனிடம் கேட்டதே இல்லை.

வீடு திரும்பும் வழியில் அவன் தமக்கையிடம் சொன்னான்: "என்னை வேன்ல ஏத்தி விட்டீங்கள்ல, அன்னிக்கு நீங்க எல்லாரும் நல்லாத் தூங்குனீங்களாக்கா?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். ஆம் என்றோம்.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்கிறது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். நோயுற்றவனே முதலில் நிற்கிறான். பணம் கட்டுபவர் என்றோர் உறுப்பு அதில் இல்லை. நாங்கள் செய்த பிழை இதுதான்: பேணுபவராக இருக்க வேண்டிய நாங்கள் வாங்குபவர் ஆனோம். அத்தொழில் எங்களுக்கு விற்றது அவனது நலத்தை அன்று, முப்பது நாள் தூக்கத்தை. வாங்கிய பொருள் தரமானதுதான், குறை சொல்வதற்கில்லை.

இப்போது மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசம். ஞாயிறு மாலைகளில் ஒரு பள்ளி அறையில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறான். 1935இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்த அமைப்பு அது, கட்டணம் கிடையாது. விரும்புபவர் பத்தோ இருபதோ போடுகிறார்கள், தேநீருக்கு. சென்ற பொங்கலன்று வழுக்கி விழுந்தான். மறுநாள் காலை அவனே வந்து சொன்னான். நாங்கள் எந்த எண்ணையும் அழைக்கவில்லை.

கூட்டம் முடிந்து அவன் வர ஒன்பது மணி ஆகும். சில நாள் பத்தும் ஆகும். அவன் வரும்வரை நாங்கள் தூங்குவதில்லை.