சதுரக் காசும் நியாய விலையும்

இலங்கையில் ஐந்து சதக் குத்தி ஒரு காலத்தில் சதுரமாக இருந்தது. மூலைகளை மட்டும் மழுக்கி விட்டிருப்பார்கள். இரண்டு சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் விளிம்பு அலையலையாக வளைந்து போகும். மின்சாரம் நின்ற இரவிலும் சட்டைப் பைக்குள் விரலை விட்டு எது எதென்று சொல்லிவிடலாம். இப்போது கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையின் கையில் சதுரக் காசை வைத்தால், விளையாட்டுச் சாமானா என்று கேட்கிறது.

முதற் சதுரக் காசு 1909இல், ஏழாம் எட்வேர்ட் மன்னரின் தலையோடு வந்தது. செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளைக் காசு. 1942இல், யுத்தத்துக்கு நடுவே, அதே சதுரம் நிக்கல் பித்தளையில் மஞ்சளாக வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுக் காசுகள் தடிப்பு. 1944, 1945 மெல்லிசு. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஐந்துலாம்புச் சந்திக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்த ஐயா ஒருவர். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். லாச்சி நிறையச் சிகரெட் பேணிகள், பேணி நிறையக் காசு. "தம்பி, முகத்தைப் பாக்காதை, முதல்ல பாரத்தைப் பார்" என்பார். ராசாவின் முகம் எல்லாக் காசிலும் இருக்கும், பாரம்தான் ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்பது அவருடைய முதற் பாடம்.

இரண்டாவது பாடம், பழையது எல்லாம் அருமையானது அல்ல என்பது. எலிசபெத் ராணியின் தலை பதித்த இலங்கைக் குத்தி இரண்டு சதம் ஒன்றுதான். 1955, 1957 என்று இரண்டு ஆண்டு மட்டும் அடித்தார்கள். 1963இல் புதிய வரிசை வந்தபோது ராணியின் தலை போய் அரச இலச்சினை வந்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்லி "ராணிக் காசு ஐயா, கிடைக்காது" என்று புறக்கோட்டை நடைபாதையில் ஆயிரக்கணக்கில் விலை கேட்பார்கள். கதை உண்மை, விலை பொய். இரண்டே ஆண்டு என்றாலும் அடித்ததோ ஏராளம். வெள்ளவத்தையில் எந்தப் பழைய வீட்டின் தையல் மெசின் லாச்சியைக் கவிழ்த்தாலும் ஒன்று விழும்.

உண்மையில் கிடைக்காதது எது என்று கேட்டால், ஐயா ஒரு கடுதாசியை எடுப்பார். 1942இன் ஐந்து சதத் தாள். குத்தி அடிக்க உலோகம் தட்டுப்பாடாக இருந்த காலம். பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதத்துக்கும் தாள் வந்தது. ஆனால் ஐந்து சதத் தாள்தான் விசித்திரம். நடுவில் முத்திரைத் தாளுக்குப் போடுவது போல் துளை போட்டிருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம். செலவழிப்பதற்காகவே கிழிக்கச் சொன்ன தாள்; ஆகவே கிழியாதது அருமை. ஐயாவிடம் இருந்தது மூன்று சதப் பாதி மட்டும். மற்றப் பாதியை 1942இல் யாரோ தேத்தண்ணிக் கடையில் கொடுத்திருப்பார்.

டெக்சாஸில் எனக்கொரு மச்சான் இருக்கிறான். அவனும் சேகரிப்பவன்தான்; ஆனால் சேர்ப்பது கைத்துப்பாக்கி. கோல்ட் கொம்பனியின் பைதன் என்ற ரிவோல்வர் 1955இல் வந்து, இரண்டாயிரங்களின் நடுவில் தயாரிப்பு நின்று, 2020இல் புதிய வடிவில் திரும்பி வந்ததாம். புதியது கடையில் கிடைக்கும்போதும் பழையதைத்தான் தேடுகிறார்களாம். பெட்டி இருக்கிறதா, கடுதாசிகள் இருக்கின்றனவா, நீல மெருகு கொம்பனி போட்டதுதானா என்று பார்ப்பார்களாம். மங்கிய மெருகுக்கு விலை உண்டு, மறுபடி மெருகேற்றியதற்கு விலை விழும் என்றான். கேட்டுக்கொண்டிருந்தபோது ஐயாதான் தொலைபேசியில் கதைக்கிறார் போல இருந்தது. பொருள் வேறு, நியாயம் ஒன்று.

எங்களுக்கு அந்தப் பொருள் ஆகாது. இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எதையும் வைத்திருக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். உள்நாட்டு யுத்த காலத்தில் காலி வீதியில் சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவனுக்குத் துப்பாக்கியின் அழகு கண்ணில் படாது. இரவில் பொலிஸ் பதிவுக் கடுதாசியைத் தேடி எடுத்த வீடுகள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை! அதே அலுமாரியில், அதே லாச்சியில், பிறப்புச் சான்றிதழுக்கு அடியில்தான் எங்கள் பழைய காசும் கிடந்தது.

மெருகு என்றதும் வெள்ளவத்தை மாமியின் ஞாபகம் வருகிறது. மாமா விட்டுப்போன செப்புக் காசுகள் அவவிடம் இருந்தன. 1870இன் விக்டோரியா சதம்; பின்பக்கம் தாளிப்பனை. ரூபாவும் சதமும் 1872இல் இந்த நாட்டின் தனிக் கணக்கானபோது புழக்கத்தில் இருந்த காசு அது. நான் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வருகிற பிள்ளைக்கு அழுக்குக் காசைக் காட்டுவதா என்று மனுசி குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தா. பொன்னாக மின்னியது. நூறு வருடத்துக்கு மேலாக ஏறிய கபில நிறம் ஒரு பின்னேரத்தில் போய்விட்டது. "வடிவா இருக்கு மாமி" என்றேன். வேறென்ன சொல்ல?

புளியாவது நிறத்தைத்தான் எடுக்கும். செட்டியார் தெரு நகைப் பட்டறை அடுப்பு காசையே எடுத்துவிடும். 1957இல் புத்த ஜயந்திக்கு ஐந்து ரூபா வெள்ளிக் குத்தி ஒன்று வெளியிட்டார்கள். 28 கிராமுக்குச் சற்று மேல், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி. ஐந்து லட்சம் அடித்து, அதில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பி உருக்கியதாகக் காசுப் பட்டியல்கள் சொல்கின்றன. வெளியே தங்கியதிலும் எத்தனையோ அரைஞாண் கொடியாகவும் கொலுசாகவும் போயிருக்கும். ஆசாரிமாரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தராசு வெள்ளியை நிறுக்கும், ஆண்டை நிறுக்காது. ஒரு காசு அருமையாவது அடித்தவர் குறைவாக அடித்ததால் மட்டுமல்ல, இடையில் உள்ளவர்கள் அழித்ததாலும்தான்.

அழிவு என்று வந்தால் 1983 வராமல் போகாது. யூலைக் கடைசியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், காலி வீதியில் கடைகள் எரிந்தன. ஆட்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்கு ஓடினார்கள். பிறகு பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். உடுத்த துணியோடு போனவர்கள் சிலர் இடுப்பில் முடிந்து கொண்டுபோனது நகையும் பழைய வெள்ளிக் காசும். ஐந்தாம் ஜோர்ஜின் வெள்ளி ஐம்பது சதம் ஒன்று அந்த நாட்களில் ஒரு பால்மா பேணியின் விலைக்குக் கைமாறியதை ஐயா நேரில் கண்டவர். வாங்கியவர் பிறகு அவரிடமே அதைக் காட்டி, "எப்படி மலிவு?" என்று பெருமைப்பட்டாராம். ஐயா அந்தக் காசைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அந்த ஆளுடன் பிறகு காசுக் கதை கதைத்ததும் இல்லை.

தமிழ் வீடுகளில் காசுச் சேகரிப்பு என்றால் எல்லாருக்கும் கண் போவது சேதுக் காசில்தான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக் காசு. படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது' என்ற எழுத்து. சுவாமி ஞானப்பிரகாசர் அதைப் பற்றி எழுதினார். 1924இல் வந்த கொட்றிங்டனின் இலங்கைக் காசுகள் பற்றிய நூலிலும் அதற்கு இடம் உண்டு. ஆசை அதிகம் என்பதால் போலியும் அதிகம். அச்சில் ஊற்றிய போலிக்கு விளிம்பில் பொருத்துக் கோடு தெரியும்; முகத்தில் ஊசித் துளை போல் காற்றுக் குமிழி இருக்கும்; எழுத்தின் ஓரம் சோப்பில் கரைந்தது மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் சேதுக் காசு வாங்கப் போகிறவர் காசைக் கொடுத்துக் கதை வாங்கி வருகிறார்.

அதற்கு மேலே சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. விக்டோரியா சதம் அந்தத் திகதிக்கு இப்பால், சேதுக் காசு அப்பால். லண்டனில் உள்ள தம்பிக்கு ஒரு ஞாபகப் பொருள் என்று சூட்கேசில் போட்டு அனுப்புகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியில் இன்னொரு பாடம் படித்தோம். மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதம் முந்நூற்றறுபதைத் தொட்டது. வெளிநாட்டுப் பட்டியல்கள் டொலரில் விலை போடுகின்றன. புறக்கோட்டைக்காரர் ரூபாவில் கேட்கிறார். நேற்றைய நியாய விலை இன்றைக்கு அநியாயம் ஆனது, இரண்டு பக்கத்துக்கும். அந்த மாதங்களில் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வீடுகளிலிருந்து பேணிகள் வெளியே வந்தன. முந்தி "விற்கிறதில்லை" என்று சொன்னவர்களே கூப்பிட்டார்கள். சேகரிப்பவனுக்கு அது நல்ல காலம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு ஐயா தொடாமல் விட்ட அந்த வெள்ளிக் காசுதான் நினைவுக்கு வந்தது.

நியாய விலை பட்டியலில் இல்லை. பட்டியல் ஓர் எல்லையைக் காட்டும். தராசும் பூதக்கண்ணாடியும் அந்த எல்லைக்குள் இடம் காட்டும். மிச்சத்தைத் தீர்மானிப்பது எதிரே நிற்கும் ஆள். பொருளின் மதிப்புத் தெரிந்து, விற்காமலும் இருக்கலாம் என்ற நிலையில் அவர் சம்மதிக்கும் விலைதான் நியாயம். தெரியாதவருக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். முடை வந்து விற்கிறவரிடம் பேரம் பேசக் கூடாது. பட்டியல் விலையைக் கொடுங்கள், அல்லது கடனாகக் கொடுத்துவிட்டுக் காசை அவர் பேணியிலேயே விடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு: முதலில் சதாம் வீதியில் மத்திய வங்கியின் நூதனசாலைக்குப் போய் உண்மைக் காசைக் கண்ணால் பழகுங்கள். சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். எதையும் தேய்க்காதீர்கள், மாமியையும் தேய்க்க விடாதீர்கள். சேதுக் காசு கிடைத்தால் நாட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். மற்றவனின் கஷ்டத்தால் மலிவாகக் கிடைத்த காசை மட்டும் சேகரிப்பில் சேர்க்காதீர்கள்.