கண்ணாடியோடு உலோகம் இணையுமாறு

இரு பொருள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுதல் எளிது. ஒட்டியவை ஒட்டியபடியே நெடுங்காலம் நிற்கச் செய்தல் அரிது. அவ்விரண்டும் இயல்பால் மாறுபட்டவையாயின் அருமை இன்னும் மிகுகின்றது. கண்ணாடியையும் உலோகத்தையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று வளைய மறுத்து உடையும். மற்றையது உடைய மறுத்து வளையும். ஒன்று மின்சாரத்தைத் தடுக்கும். மற்றையது அதற்கு வழிவிடும். இவ்விரண்டையும் இடையிலே காற்றும் ஈரமும் புகாதபடி இணைக்கும் கலை ஒன்று உண்டு. அக்கலை கைவராதிருந்தால் மின்குமிழும், பழைய வானொலிப் பெட்டியின் வால்வும், எக்ஸ் கதிர்க் குழாயும் உலகிற்குக் கிடைத்திரா.

வீடுகளிலிருந்து மறைந்துவரும் இழை மின்குமிழ் ஒன்றை ஆண்டுதோறும் வகுப்பிற்குக் கொண்டுசெல்வது எமது வழக்கம். “இழைக்கு மின்சாரம் எவ்வழியாகச் செல்கின்றது?” என்று வினவினால், “கம்பி வழியாக” என மாணவர் ஒரே குரலில் விடையிறுப்பர். “அக்கம்பி கண்ணாடியை ஊடுருவும் இடத்திலே வெளிக்காற்று ஏன் உள்ளே புகவில்லை?” என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். துணிவுள்ள ஒருவன் எழுந்து, “பசை பூசியிருப்பார்கள், சேர்” என்பான். பசை அன்று. உருகிய கண்ணாடியே கம்பியைப் பற்றிக்கொள்கின்றது. அப்பிடி தளராமல் இருப்பதற்கான காரணத்தை அறிவதிலேதான் பாடத்தின் சுவை இருக்கின்றது.

தீயில் இருக்கும்வரை இவ்விரண்டிற்கும் பிணக்கில்லை. கண்ணாடி பாகுபோல இளகி உலோகம் போன வழியே போகும். பிணக்கு ஆறும்போதே தொடங்குகின்றது. சூட்டினால் பொருள்கள் விரிவதும் குளிரினால் சுருங்குவதும் சிறு வகுப்பிலேயே நாம் கற்றவை. ஆனால், எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீற்றர் நீளமுள்ள கோல்களை 100 பாகை செல்சியசினால் சூடேற்றுவோமாயின், செம்புக்கோல் ஏறக்குறைய 1.7 மில்லிமீற்றர் நீளும்; இரும்பு 1.2 மில்லிமீற்றர் நீளும். சாதாரணக் கண்ணாடி 0.9 மில்லிமீற்றர் நீளும். ஆய்வுகூடத்துப் பைரெக்ஸ் கண்ணாடியோ 0.33 மில்லிமீற்றர் மாத்திரமே நீளும். குளிரும்போது அதே அளவிற் சுருங்கும். சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 500 பாகையில் இறுகுகின்றது. அங்கிருந்து அறையின் வெப்பநிலைக்கு இறங்கும்போது, உலோகம் ஒரு பக்கம் இழுக்கக் கண்ணாடி மறுபக்கம் நிற்கின்றது. கண்ணாடி நெருக்குதலை நன்கு தாங்கும்; இழுவையைத் தாங்காது. கண்ணுக்குப் புலனாகாத ஒரு கீறல் போதும், இணைப்புப் பாழாகிவிடும். ‘ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவேண்டும்’ என்று எம்மவர் அடுக்களையிற் சொல்வது கண்ணாடித் தொழிலுக்கும் முற்றும் பொருந்தும். இணைத்ததை உடனே வெளியில் எடுக்காமல், சூளையிலே மெல்ல மெல்ல ஆறவிடுவர். எனினும், பொறுமை மட்டும் போதாது, பொருத்தமும் வேண்டும்.

முதல் வழி, சுருக்கத்தில் ஒத்த சோடியைத் தேடுவது. பிளாற்றினம் சாதாரணக் கண்ணாடியளவே விரிவது. ஆகவே, எடிசன் 1879இல் தம் மின்குமிழை ஆக்கியபோது கண்ணாடிக்குள்ளே செல்லும் கம்பிக்குப் பிளாற்றினத்தையே பயன்படுத்தினார். ஆனால், விலையுயர்ந்த உலோகத்தைக் கொண்டு ஊரெல்லாம் விளக்கேற்ற முடியுமா? இவ்விடத்திலே உலோகக் கலவைகள் கைகொடுத்தன. 1896இல் சாள்ஸ் எட்வார் கியோம் என்னும் அறிஞர், இரும்போடு நிக்கலைக் குறித்த அளவிற் கலந்தால் விரிவு மிகச் சிறிதாகிவிடுவதைக் கண்டறிந்தார். இவ்வகைக் கலவைகளின் ஆராய்ச்சிக்காக 1920இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிட்டியது. நிக்கலின் பங்கைக் கூட்டியும் குறைத்தும் விரிவை வேண்டியவாறு அமைக்கலாம். பின்னர் அமெரிக்காவில் கொலின் ஃபிங்க் என்பவர், இரும்பு–நிக்கல் கம்பிக்குச் செம்புறை இட்டு மலிவான மாற்றொன்றைத் தந்தார். இழை மின்குமிழின் அடித்தண்டை உற்று நோக்குவோர், கண்ணாடிக்குள் அகப்பட்ட கம்பித்துண்டு செந்நிறமாயிருப்பதைக் காணலாம். செம்பின் ஒட்சைட்டு அளிக்கும் நிறம் அது.

வெப்பத்தை நன்கு தாங்கும் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடிகளுக்கு வேறு துணை வேண்டியிருந்தது. 1930களில் ஹவார்ட் ஸ்கொட் ஆக்கிய ‘கோவார்’ என்னும் கலவை அக்குறையைத் தீர்த்தது. நூற்றுக்கு 29 பங்கு நிக்கல், 17 பங்கு கோபால்ற்று, எஞ்சியது பெரும்பாலும் இரும்பு. இதன் சிறப்பு யாதெனில், தொடக்கமும் முடிவும் மட்டுமன்றி, ஆறும் வழி முழுவதிலும் தனக்கேற்ற கண்ணாடியோடு ஏறக்குறைய ஒரே வேகத்திற் சுருங்குவதாகும். இடைவழியில் ஒன்று முந்தி மற்றையது பிந்தினால், இறுதியில் இரண்டும் சேர்ந்துகொண்டாலும் அதற்கிடையே முறிவு நேர்ந்துவிடலாம்.

இரண்டாவது வழி, விட்டுக்கொடுப்பது. செம்பின் விரிவு பைரெக்ஸின் விரிவைப்போல ஐந்து மடங்கு. இவை பொருந்தா என்றே எவரும் நினைப்பர். வில்லியம் ஹவுஸ்கீப்பர் என்பார் 1923இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வழி கூறினார். செம்புக் குழாயின் விளிம்பைக் கத்தியின் வாய்போல மெலிதாக்கி, அவ்விளிம்பிலே கண்ணாடியை இணைக்கவேண்டும். தடித்த செம்பு கண்ணாடியை உடைக்கும். மெலிந்த செம்போ கண்ணாடியின் போக்கிற்கு இசைந்து தானே நீண்டுகொடுக்கும். ஹலோஜன் விளக்குகள் பலவற்றில், குவாட்ஸ் கண்ணாடிக்குள்ளே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மொலிப்டினத் தகடு மயிரிழையினும் மெலிதாய் இருப்பதும் இக்காரணம் பற்றியே.

மூன்றாவது வழி, அணைத்து நெருக்குவது. எம் ஊர்க் கொல்லர் மாட்டுவண்டிச் சில்லிற்கு இரும்பு வளையம் பூட்டுவதை முதியோர் கண்டிருப்பர். வளையத்தைப் பழுக்கக் காய்ச்சிச் சில்லின்மேல் ஏற்றி நீர் ஊற்றுவர். வளையம் சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அவ்வாறே கண்ணாடியைச் சுற்றி உருக்கு வளையத்தை இட்டு ஆறவிட்டால், கூடுதலாகச் சுருங்கும் உருக்கு கண்ணாடியை எப்பக்கமும் நெருக்கும். நெருக்குதலோ கண்ணாடிக்குப் பலம். குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள கரிய உருக்குக் குடத்திற்குள்ளே மின்சாரம் நுழையும் முளைகள் இத்தகைய கண்ணாடியின் நடுவே நிற்பவை. ஆண்டுக்கணக்காக உள்ளிருக்கும் வாயு கசியாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வழியாயினும், ஒட்டுதல் நிகழ இடையில் ஒருவர் வேண்டும். துப்புரவான உலோகத்தின்மேல் உருகிய கண்ணாடி பெரும்பாலும் தாமரையிலை நீர்போல உருண்டு நிற்கும். உலோகத்தைச் சூடாக்கி மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாக்கினால், கண்ணாடி அதன்மேற் பரவிப் பற்றும். இதில் வியப்பில்லை. கண்ணாடியே ஒட்சைட்டுக்களால் ஆனது. ஆகவே அப்படலம் ஒருபுறம் உலோகத்திற் பிறந்தது, மறுபுறம் கண்ணாடிக்கு உறவு. கலியாணம் பேசும் தரகர் இரு வீட்டாருக்கும் வேண்டியவராய் இருப்பதுபோல. ஆனால், தரகர் அளவோடு நிற்கவேண்டும். படலம் குறைந்தால் ஒட்டாது. தடித்தால் அதுவே செதிலாய் உரிந்து கசிவிற்கு இடந்தரும்.

இவற்றையெல்லாம் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையிலே எழுதிவந்த எமக்கு, இப்பாடம் வீட்டிற்குள்ளேயே வந்து நின்ற நாளும் உண்டு. எமது தந்தையாருக்கு எழுபத்தெட்டாம் வயதில் இதயத்துடிப்புத் தளர்ந்தது. வைத்தியர்கள் மார்பின் தோலுக்கடியில் இதயமுடுக்கி ஒன்றைப் பொருத்தினர். தந்தையார் தோட்டஞ் செய்து எம்மைப் படிப்பித்தவர். கட்டிலிற் படுத்தபடியே எம்மிடம் அவர் கேட்டது இது: “தம்பி, எங்கடை கிணத்து மோட்டருக்குள்ளையே தண்ணி போகுது. உடம்பெல்லாம் தண்ணி. இந்தப் பெட்டிக்குள்ளை போகாதோ?”

அது பாமரக் கேள்வி அன்று. அக்கருவியின் வரலாறு முழுவதும் அக்கேள்வியில் அடங்கியிருந்தது. 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சுவீடனிலே, ஆர்ன லார்சன் என்பவரின் உடலிலே முதலாவது இதயமுடுக்கி பொருத்தப்பட்டது. ரூன எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியியலாளர் அதன் உறுப்புக்களை ஒரு பிசினில் வார்த்திருந்தார். வார்ப்பதற்குச் சப்பாத்துப் பொலிஷ் பேணி அச்சாக உதவியது. அது சில மணி நேரமே இயங்கியது. பிற்காலத்திலும் பிசின் உறைகள் ஈரத்தை முற்றாகத் தடுக்கவில்லை. ஈரம் மெல்ல ஊறி உள்ளுறுப்புக்களைக் கெடுத்தது. 1970களில் தைற்றேனிய உறையை உருக்கி ஒட்டி மூடும் முறை பரவியபின்னரே இக்குறை நீங்கலாயிற்று. லார்சன் இருபதிற்கு மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று, 86 வயதுவரை வாழ்ந்து 2001இல் காலமானார்.

உறையை மூடினாலும், துடிப்பை இதயத்திற்குக் கொண்டுசெல்லும் கம்பி வெளியே வந்தாகவேண்டுமே. அவ்வாசலிலே காவல் நிற்பது பீங்கான். அலுமினியம் ஒட்சைட்டினால் ஆன அச்சிறு பீங்கான் 2000 பாகைக்கு மேலேதான் உருகும். ஆதலால், கண்ணாடியைப்போல அதை உருக்கி ஒட்டுவதில்லை. அதன் மேற்பரப்பிலே உலோகப் படலம் ஒன்றைப் படியச் செய்து, தைற்றேனிய வளையத்திற்கும் அதற்கும் இடையே தங்கத்தை உருக்கி ஓடவிடுகின்றனர். பீங்கானும் தைற்றேனியமும் சுருக்கத்தில் ஏறக்குறைய ஒத்தவை. வெளியே நிற்கும் வளையம் சற்றுக் கூடுதலாகச் சுருங்கிப் பீங்கானை அணைக்கும். எஞ்சிய வேறுபாட்டை மென்மையான தங்கம் தாங்கிக்கொள்ளும். மேலே கூறிய மூன்று வழிகளும் பருப்பளவான அவ்விடத்திலே ஒன்றுகூடி நிற்கின்றன. இத்தனைக்குப் பின்னரும், மிக நுண்ணிய அணுக்களையுடைய ஈலியம் வாயுவைக் கொண்டு கசிவு உண்டா எனச் சோதிக்கின்றனர்.

தந்தையாருக்கு நாம் எண்களைக் கூறவில்லை. தங்கம் ஓடிய கதையையும் வண்டிச் சில்லின் வளையத்தையும் கூறினோம். கூறிக்கொண்டிருக்கையிலே, அவ்விடை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவு எமக்கும் வேண்டியிருந்ததை உணர்ந்தோம். வகுப்பிலே ‘இணைப்பு’ என்று நாம் எழுதும் சொல், அன்று ஒருவருடைய அடுத்த மூச்சாக இருந்தது. முகமறியாத ஒரு தொழிலாளி, எங்கோ ஒரு தொழிற்சாலையில், சூளையின் சூட்டை அவசரமின்றித் தணித்திருக்கின்றார் என்னும் நம்பிக்கையிலேயே எம் வீடு அவ்விரவு உறங்கவேண்டியிருந்தது.

தந்தையார் சிறிது நேரம் கூரையைப் பார்த்திருந்தார். பின்னர், “அப்ப எல்லாம் ஒண்டாய் ஆறவேணும் எண்டு சொல்லு” என்றார்.

ஆம் என்றோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்த மாரிக்கு வெங்காயம் நட்டவரும் அவரே.