எந்தக் கரைக்குச் செல்வது?

திருச்சிராப்பள்ளி மக்களுக்கு விடுமுறை என்றால் முக்கொம்பு என்றிருந்த காலம் நெடியது. நகரிலிருந்து 18 கிலோமீட்டர். கரூர்ச் சாலையில் காவிரியை ஒட்டியே பேருந்து செல்லும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் நிறைந்த தூக்குச் சட்டிகள், ஒரு பாய், ஒரு பந்து, பேருந்து கொள்ளாத பிள்ளைகள். எளிய குடும்பத்தின் சுற்றுலாவுக்கு வேறென்ன வேண்டும்? அகன்று வரும் ஆறு அங்கே கொள்ளிடமென்றும் காவிரியென்றும் இரண்டாகப் பிரிந்து, திருவரங்கத்தைத் தீவாக்கிச் செல்கிறது. 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணை, 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகளை இழந்தது. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது. ஆடிப் பதினெட்டன்று கூடும் கூட்டம் மட்டும் எப்போதும் போலவே கூடுகிறது.

ஆயினும், இவ்வணைக்கு அண்மையிலுள்ள பங்கில் பணியாற்றும் எனக்கு, கோடை நெருங்கும்போது காதில் விழும் ஊர்ப்பெயர்கள் மாறிவிட்டன. முன்பு வேளாங்கண்ணி, கொடைக்கானல் என்பார்கள். இப்போது மாலத்தீவு, புக்கெட், பாலி, கொழும்பு என்கிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் 2024 சனவரி 2-ஆம் நாள் புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டது. வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போகும் மகனை அழுது வழியனுப்பும் இடமாகவே நாம் அறிந்திருந்த விமான நிலையம், குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே நுழையும் இடமாகவும் ஆகிவருகிறது. இதைக் குறைகூற நான் எழுத முற்படவில்லை. உழைத்துக் களைத்தவன் ஓய்வு தேடுவது நியாயம். அந்த ஓய்வைக் கடற்கரையில் தேடுவது அதனினும் இயல்பு.

ஒரு வேடிக்கை மட்டும் தோன்றுவதுண்டு. வெப்பமான கடற்கரை நாடுகளுக்கு விடுமுறையில் செல்லும் வழக்கத்தைப் பெருக்கியவர்கள், பனியில் விறைத்த ஐரோப்பியர்கள். அவர்கள் வெயிலைத் தேடி வந்தார்கள். மே மாதத்தில் நாற்பது பாகை வெயிலைச் சுமக்கும் நாமோ, பணம் கொடுத்து இன்னொரு வெயிலுக்குப் போகிறோம்! நாம் தேடுவது வெப்பத்தை அன்று. நீரின் அகலத்தையும், யாரும் நம்மை வேலைக்கு அழைக்காத ஒரு கரையையும் தேடுகிறோம்.

சென்ற ஆண்டு, 2025-இன் தொடக்கத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் இத்தகைய கேள்வியோடு பங்கு இல்லத்துக்கு வந்தனர். தந்தை பதினைந்து ஆண்டுகள் வளைகுடாவில் மின்பணியாளராக உழைத்துத் திரும்பியவர். மகன் சென்னையில் கணினித் துறையில் பணியாற்றுகிறான். பெற்றோரின் திருமண வெள்ளி விழா அவ்வாண்டு மே மாதத்தில் வந்தது. அவர்களையும் பாட்டியையும் வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது அவன் விருப்பம்.

“ஃபாதர், மாலத்தீவா, தாய்லாந்தா, இலங்கையா? நீங்களே சொல்லுங்க. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்றான்.

பயண முகவர் செய்யவேண்டிய வேலையைப் பங்குத்தந்தையிடம் கொடுக்கிறானே என்று நகைத்தேன். ஆனால் அவன் கேள்வி என்னை விடவில்லை. அறிந்தவற்றை நாங்கள் ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தோம்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்வன சுமார் 200 மட்டுமே. அந்நாட்டில் 1972-இல் முதல் சுற்றுலா விடுதி தோன்றியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறை அதன்பின் வேரூன்றியது. விருந்தினர் விடுதித் தீவில் இறங்கி, அங்கேயே உண்டு, நீந்தி, உறங்கித் திரும்பலாம். அந்நாட்டுக் குடும்பம் ஒன்றையும் காணாமலே வந்துவிடலாம். பரிமாறுபவர்களில் பலர் வங்கதேசத்தாரும் இலங்கையரும் நம் நாட்டினருமே. மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009-க்குப் பின்னர் வழி திறந்தது. செலவும் குறைவு, அண்டை வீட்டு அடுப்புப் புகையும் தெரியும். பிற சமயத்தார் பொதுவில் வழிபாடு நடத்த அங்கே அனுமதியில்லை. ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாத நம்மவர்கள் இதையும் அறிந்தே முடிவெடுக்கவேண்டும்.

தாய்லாந்தைப் பற்றிப் பேசும்போது மாயா வளைகுடா நினைவுக்கு வந்தது. ஒரு திரைப்படத்தால் புகழ்பெற்ற அச்சிறு கடற்கரைக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் படகுகளில் வந்து இறங்கினர். பவளப் பாறைகள் சிதைந்தன. 2018 சூன் மாதத்தில் அரசு அதை மூடியது. சில மாதங்களுக்கென்று மூடிய கரையை 2022 சனவரியில்தான் மீண்டும் திறக்க முடிந்தது. ஓய்வு தேடிச் செல்லும் மனிதன், தான் மிதிக்கும் கரைக்கும் ஓய்வு தேவை என்பதை மறந்தால் இப்படித்தான் முடியும்.

இலங்கைக்குத் திருச்சியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். அங்கே இரண்டு பருவமழைகள் இரண்டு கரைகளை மாறிமாறி நனைக்கின்றன. நீர்கொழும்பு, பெந்தோட்டை, காலி என்னும் மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் அமைதியாக இருப்பது திசம்பர் முதல் மார்ச் வரை. நம் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் அங்கே தென்மேற்குப் பருவமழை நெருங்கிவிடும். அப்போது திருகோணமலை, பாசிக்குடா போன்ற கிழக்குக் கரைகள் தெளிந்திருக்கும். விளம்பரத் தாளில் எல்லாக் கரையும் எல்லா மாதமும் நீலமாகவே தெரியும். காற்றின் திசையை அறிந்து கரையைத் தெரிந்துகொள்வது அறிவுடைமை. மேலும், கிழக்குக் கரையில் நம் மொழியிலேயே மீன் விலை பேசலாம்.

இவ்வளவு நேரமும் பாட்டியார் பேசவில்லை. மருமகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இலங்கைன்னா அத்தை அழுவாங்க, சாமி. சந்தோசமா இருக்கத்தானே போறோம்? அங்க போயி எதுக்கு அழணும்?”

அப்போதுதான் எனக்கும் அது தெரியவந்தது. பாட்டியார் அட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1953-இல் பிறந்தவர். முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே சென்ற கொள்ளுப்பாட்டனாரின் வழி வந்தவர். 1972-இல், பத்தொன்பது வயதில், திருமணமான சில மாதங்களில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். பெற்றோர் தோட்டத்திலேயே தங்கிவிட்டனர். மீண்டும் அவர்களை அவர் பார்க்கவில்லை.

நம் திருச்சி மாவட்டத்துக்கு இது புதிய கதையன்று. முசிறி, துறையூர்ப் பகுதிகளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றன. தொடக்கத்தில் மன்னாரிலிருந்து மலைநாடு வரை காடு வழியே நடந்தே சென்றனர். அந்நடையில் மாண்டவர் பலர். 1914-இல் பாம்பன் பாலம் வந்தது. சென்னையிலிருந்து திருச்சி வழியே தனுசுக்கோடி சென்ற தொடர்வண்டிக்கு ‘போட் மெயில்’ என்றே பெயர் நிலைத்தது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 திசம்பர்ப் புயல் தனுசுக்கோடியை அழித்த அதே ஆண்டில், அக்டோபர் 30 அன்று, சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தபோது, ஒரே அடுப்பில் உண்டவர்கள் இரு நாட்டினர் ஆயினர். ஆறு முக்கொம்பில் பிரிவது போன்றதன்று இப்பிரிவு. பிரியும் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடலாவது ஏற்றுக்கொள்கிறது.

இன்றும் நம் விமான நிலையத்துக்கு அண்மையில், கொட்டப்பட்டில், 1983-க்குப் பின்னர் போருக்கு அஞ்சி அத்தீவிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 2021-இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அக்கரைக்கு விடுமுறையில் பறப்பவனின் மகிழுந்து, அக்கரையை இழந்தவனின் வீட்டுக்கு அருகில்தான் செல்கிறது.

குருமடத்தில் இணைச்சட்ட நூலைப் பயின்றபோது ஒரு வேறுபாட்டை ஆசிரியர் சுட்டிக்காட்டியது இன்றும் மனத்தில் நிற்கிறது. ஓய்வுநாளைக் கடைப்பிடிக்க விடுதலைப்பயண நூல் தரும் காரணம், இறைவன் படைப்பை முடித்து ஓய்ந்தார் என்பது. இணைச்சட்டமோ வேறொன்று சொல்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை. ஆகவே உன் பணியாளும் உன்னைப்போல் ஓய்வுபெறட்டும் என்பது அதன் கருத்து. அந்த ஓய்வில் ஊர் வந்த அந்நியனுக்கும் பங்குண்டு. ஓய்வும் நினைவும் பகையல்ல என்று இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். தன் வீட்டார் பட்ட பாட்டை மறந்தவனுக்கு ஓய்வின் அருமை தெரியாது. விடுதியில் தனக்கு விரிப்பு மாற்றும் பெண்ணின் களைப்பும் தெரியாது.

ஆயினும் அந்த மருமகளின் சொல்லிலும் நியாயம் இருந்தது. பதினைந்து ஆண்டுகள் கணவனைத் தொலைபேசியில் மட்டும் கேட்டு வாழ்ந்தவர் அவர். அவருக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் விடுமுறை இது. அதை நீத்தார் நினைவுநாளாக்க எவருக்கு உரிமை உண்டு? கடமையுணர்ச்சியால் மகிழ்ச்சியைக் கெடுப்பது புண்ணியம் ஆகாது. ஆகவே இந்நாட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் அவர்கள் முன் வைத்தேன். நாம் கொடுக்கும் பணத்தில் அக்கரையில் வாழ்பவன் கைக்கு ஏதேனும் சேருமா? அங்கே நாம் விருந்தினராய் இருப்போமா, வெறும் வாடிக்கையாளராய் இருப்போமா? நம்மோடு வருபவர்களில் வாய் திறவாதவர் யார், அவர் எங்கே போக விரும்புகிறார்?

மூன்றாம் கேள்வியைக் கேட்டதும் எல்லாரும் பாட்டியாரைப் பார்த்தனர்.

“எனக்காக ஒண்ணும் பாக்க வேணாம், சாமி. புள்ளைங்க எங்க போனாலும் நான் வரேன்” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “ஆனா அங்க எங்க அம்மா கல்லறை இருக்கு. யாராச்சும் புல்லு வெட்டுறாங்களான்னு தெரியல” என்றார்.

பேரன் பேசவில்லை. மருமகள்தான் எழுந்து மாமியாரின் அருகே போய் உட்கார்ந்தார். “நாலு நாள் கடல், ஒரு நாள் மலை. சரியா அத்தை?” என்று கேட்டார். பயணத்துக்கு நாளையும் நாட்டையும் குறித்தவர் அவரே, நான் அல்லன்.

அவ்வாறே மே மாதத்தில் சென்றனர். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் ஒரு மீனவக் குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் தங்கினர். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை நம் நாகப்பட்டினக் கரையைப் போலவே அக்கரையையும் வாரிச் சென்றது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று, ஆலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. 2022-இல் நாடே கடனில் மூழ்கி, எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் சென்றது அப்போதுதான். ஒவ்வோர் அடியிலும் முதலில் வெறுமையாவது சுற்றுலா விடுதி. கடைசியில் நிரம்புவதும் அதுவே. அந்த விடுதிக்காரப் பெண்மணி இரண்டாம் நாளே இவர்களிடம் உணவுக்குப் பணம் வாங்க மறுத்தாராம். மருமகள் வற்புறுத்திக் கொடுத்திருக்கிறார். அதுவும் சரியே. விருந்தோம்பலைப் பெருமையாக ஏற்கலாம். பிழைப்பை இலவசமாக ஏற்கலாகாது.

கடைசி நாளில் கண்டியிலிருந்து தொடர்வண்டியில் அட்டனுக்குச் சென்றனர். கல்லறையின் இடம் மட்டும் தெரிந்ததாம். பெயர் பொறித்த பலகை இல்லை. அழுதீர்களா என்று பின்னர் பாட்டியாரிடம் கேட்டேன்.

“அங்க அழல, சாமி. கடல்ல காலு வச்சப்பத்தான் அழுதேன். அன்னிக்கு அது எங்களுக்குப் பாக்குற கடலா இல்ல, தாண்டுற கடலாத்தான் இருந்துச்சு. இப்ப மருமக கையப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னு பாத்தேன்.”

சும்மா நின்று பார்ப்பதைத்தான் விடுமுறை என்கிறோம். ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அது அவருக்குக் கிடைத்தது. மருமகளுக்கோ, அஞ்சியது போல் எதுவும் நிகழாமல், நான்கு நாள் கடலும் முழுமையாகக் கிடைத்தது.

அன்பர்களே, வரும் கோடையில் நீங்களும் ஒரு கரையைத் தேடலாம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணக் கப்பல் விடப்பட்டது. நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. வானில் மட்டுமின்றி நீரிலும் வழிகள் திறக்கின்றன. இலங்கைதான் என்றில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று வந்தவர்களின் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! மாலத்தீவேயாயினும் தாய்லாந்தேயாயினும் மகிழ்ந்து சென்று வாருங்கள். ஆனால் பயணச்சீட்டை வாங்குமுன், உங்கள் வீட்டுத் திண்ணையில் மௌனமாய் அமர்ந்திருக்கும் பெரியவரிடம், “நீங்க எந்தக் கடலைப் பாத்திருக்கீங்க?” என்று ஒருமுறை கேளுங்கள். அவர் விடை சொல்லி முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.