நாலு சைக்கிளும் போகிற இடமும்



தை பிறந்ததும் இளையாத்தங்குடி வீட்டை ஒப்படைத்துவிட்டு மகளோடு திருச்சிக்குப் போகிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு உங்களில் பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், சைக்கிளையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?" என் முட்டிவலியைப் பற்றி ஒருத்தரும் விசாரிக்கவில்லை. இருக்கட்டும். தனித்தனியாகப் பதில் எழுதக் கை ஓடாது, மொத்தமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நான் போர்டில் எழுதினாலும் இப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

மொத்தம் நாலு சைக்கிள். புனேயில் விக்ரம் பெண்ட்சே என்பவர் நூற்றுக்கு மேல் பழைய சைக்கிள்களைச் சேர்த்து அருங்காட்சியகமே வைத்திருக்கிறார். நான் அப்படித் தேடிப்போய்ச் சேர்த்தவள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு திண்ணைக்கு வந்தது, பிறகு போகவில்லை.

மூத்தது ஹம்பர். அப்பா கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1958-இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது இதைத் தலைமன்னாரில் கப்பலேற்றி, தனுஷ்கோடியில் இறக்கி, போட் மெயிலில் காரைக்குடி வரை கொண்டுவந்து, அங்கிருந்து ஓட்டியே வீடு வந்து சேர்ந்தாராம். அப்போது எனக்கு ஒரு வயசு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் மற்ற சைக்கிள் மாதிரி ஒற்றைக் குழாயாக இருக்காது, பக்கத்துக்கு இரண்டு குழாய். பெடல் சக்கரத்துக்குள் சின்னச் சின்ன மனித உருவங்களாக வெட்டியிருப்பார்கள். சின்ன வயசில் அந்த ஆட்கள் எங்களுக்காகத்தான் ஓடுகிறார்கள் என்று நினைப்பேன். பெயர்தான் ஹம்பர். 1932-இலேயே அந்தப் பெயரை ராலே கம்பெனி வாங்கிவிட்டது, அதனால் இது நாட்டிங்காமில் ராலேக்காரர்கள் செய்தது. அப்பாவிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். ஹம்பர் ஹம்பர்தான், ராலே ராலேதான் என்பார்.

அம்மா அந்தச் சைக்கிளில் நாற்பது வருஷம் கேரியரில் உட்கார்ந்து போனார்கள். ஹேண்டில்பாரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தம்பி ஒன்பது வயசில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினான். (2024-இல் அந்தப் பெயரில் படமே வந்தது, பார்க்காதவர்கள் பாருங்கள்.) அவன் விழாமல் இருக்க கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது நான். எனக்கு அப்போது பன்னிரண்டு. "நானும் ஏறட்டுமா" என்று கேட்டதற்கு அப்பத்தா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, துணியை எடுத்து ரிம்மைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது ஹெர்குலிஸ், ஆம்பளை சைக்கிள். உங்களில் நிறையப் பேருக்கு இதைத்தான் தெரியும்.

வீடு அன்றைய பசும்பொன் மாவட்டத்தில், வேலை எல்லை தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கத்தில். ஆறு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தவறினால் நடைதான். பதினோரு வருஷம் நடந்தேன். 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்கள் ராத்திரி நேரத்தில் ஊர் ஊராகப் போயாக வேண்டும், அதற்குப் பஸ்ஸையோ வீட்டு ஆம்பளையையோ நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதுதான் கணக்கு. முப்பத்து நாலு வயசில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, பள்ளிக்கூடத்து மைதானத்தில் நானும் ஏறினேன். சேலையின் முன்கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, கொடிக்கம்ப மேடையில் கால் வைத்து ஏறுவேன். இறங்கத் தெரியாது, வேப்பமரத்தைப் பிடித்துக்கொள்வேன்.

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு சைக்கிள் வாங்கப் போனால் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. மாவட்டம் முழுக்கப் பெண்கள் கேட்டு வந்ததில் கடைகளில் தட்டுப்பாடு. சரியென்று ஆம்பளை சைக்கிளே எடுத்தேன். பிறகுதான் அதன் வசதி புரிந்தது. முன் பாரில் துண்டைச் சுற்றிப் பிள்ளையை உட்காரவைக்கலாம். இதற்காகவே லேடீஸ் சைக்கிள் வேண்டாம் என்று சொன்ன பெண்களும் உண்டு. இந்த ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ், நம் பக்கத்துப் பள்ளத்தூர் முருகப்பா குடும்பம் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கியது. அதனால் ஒரு வகையில் இதுவும் நம்ம ஊர்ச் சரக்குதான்.

1992 மார்ச் 8, மகளிர் தினம். புதுக்கோட்டைத் தெருக்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள், ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு மணியடித்தபடி ஊர்வலம் போனோம். ஓரத்தில் நின்ற ஆம்பளைகள் என்னென்னவோ சொன்னார்கள். மணிச்சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. பி. சாய்நாத் தன் புத்தகத்தில் இந்தக் கதையை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். அந்த இயக்கத்தில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் ஊரறிய சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்பது அவர் தரும் கணக்கு. கூட்டத்தில் ஒருத்தியாகப் போனதால் நான் அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்த சவாரி எது என்று யாராவது கேட்டால் அந்த ஊர்வலத்தைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் மனசில் முதலில் வருவது வேறு. மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்குக் கண்மாய்க் கரை வழியாகத் தனியாகப் போனேன். கரையில் ஆள் இல்லை, எதிர்க்காற்று, கேரியரில் நோட்டுக் கட்டு. வழக்கமாக ஒன்றே கால் மணி நேரம் நடக்கிற பாதை இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. மிச்சம் இருந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பள்ளிக்கூடப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஹெர்குலிஸில் நாற்பது பேருக்காவது பழக்கிக் கொடுத்திருப்பேன். அதில் கல் குவாரியில் வேலை பார்த்த ஒரு பெண், பெயர் வேண்டாம், மூன்று நாளில் பழகியது. நாலாவது மாசம் ஒரு ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டி, "டீச்சர், சைக்கிள் குடுங்க" என்றது. மகனுக்கு ஜுரம் ஏறி வெட்டு வந்திருக்கிறது. புருஷன் வெளியூரில். பிள்ளையை முன் பாரில் வைத்து, முந்தானையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இருட்டில் கீழச்சிவல்பட்டிக்குப் போனது. டைனமோ விளக்கு மிதித்தால்தான் எரியும், நின்றால் அணைந்துவிடும். நிற்கவே இல்லையாம். அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், இதைப் படித்துக்கொண்டும் இருப்பான். தம்பி, நல்லா இரு.

மூன்றாவது பி.எஸ்.ஏ. லேடி பேர்ட். 1998-இல் மகளுக்கு வாங்கியது. அவள் கல்லூரிக்குப் போனதும் எனக்கு வந்தது. பணி ஓய்வுக்கு அடுத்த வருஷம், 2016 மார்கழியில், என் மாதிரி ஓய்வுபெற்ற இரண்டு டீச்சர்களோடு இதில்தான் நகரத்தார் கோவில் ஒன்பதையும் சுற்றிவந்தேன். நித்தியகல்யாணி சந்நிதியில் கும்பிட்டு விடியற்காலம் கிளம்பினோம். முதல் நாள் இரணியூர், நேமம், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி. ராத்திரி காரைக்குடியில் அத்தாச்சி வீட்டில் தங்கல். மறுநாள் மாத்தூர், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. காரில் போனால் கோவில் மட்டும்தான் தெரியும். சைக்கிளில் போனால் ஒரு ஊருணிக்கும் அடுத்த ஊருணிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. பெரும்பாலும் கருவேலமும் செம்மண்ணும்தான், ஆனால் மார்கழிக் காலையில் அது போதும். வைரவன்பட்டி பக்கத்தில் ஒரு பஞ்சர். மூன்று பேர் சேர்ந்தும் டயரைக் கழற்ற முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் இரண்டு ஸ்பூனை வைத்துக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "எந்த ஊரு ஆச்சி நீங்க?" என்றான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருத்தன் என்னை ஆச்சி என்று கூப்பிட்டது.

நாலாவது உங்களுக்குத் தெரிந்த சைக்கிள், அரசாங்கம் கொடுக்கும் இலவச சைக்கிள். 2001-இல் ஆதி திராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, சில வருஷத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்றானது. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய இரும்புக் கடையில் மற்ற இரும்போடு சாய்த்து வைத்திருந்தது. கேரியரில் பெயின்டில் எழுதிய பெண்பிள்ளை பெயர் பாதி தெரிந்தது. எடைபோட்டு என்ன விலையோ அதைவிட இருநூறு சேர்த்துக் கொடுத்து எடுத்துவந்தேன். அந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டதா, வீட்டில் காசு முடையா, இல்லை ஸ்கூட்டி வாங்கிவிட்டதா? கடைக்காரருக்குத் தெரியவில்லை. கடைசிக் காரணமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். கீழச்சிவல்பட்டியில் ஓவராயில் பார்த்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, பால்ஸ் மாற்றியதில் புதுசு மாதிரி ஓடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். ஹம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினெட்டாயிரம் என்றார். ஏதோ ஓட்டலில் வரவேற்பறைச் சுவரில் மாட்டக் கேட்கிறார்களாம். "அந்த ஹெர்குலிஸுக்கு?" என்றேன். "அது இரும்பு விலைதாம்மா, ஐந்நூறு தரலாம்" என்றார். அவர் தொழிலுக்கு அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். காப்பி கொடுத்து அனுப்பினேன், சைக்கிள் கொடுக்கவில்லை. ரயிலைவிட்டால் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கிற காலத்தில் ஊர் ஊராகப் போன வண்டியை ஆணியில் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை.

ஹம்பர் தம்பி மகனுக்கு. கோயம்புத்தூரில் அவனிடம் கியர் வண்டியே மூன்று இருக்கிறது. பிரெவே என்று ஒன்று ஓட்டுகிறான், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். "அத்தை, ஹம்பர்ல ஒரு தடவை முயற்சி பண்றேன்" என்கிறான். வேண்டாம் கண்ணா. மாசத்துக்கு ஒரு நாள் டீக்கடை வரை ஓட்டு, அது போதும். செயினுக்கு எண்ணெய் போடு.

ஹெர்குலிஸ் அந்தக் குவாரி அம்மாவுக்கு. யாரும் சொல்லாமல் அதுவே வந்து கேட்டது. "ஓட்ட மாட்டேன் டீச்சர், இடுப்பு போச்சு. பேத்தி ஓட்டும்" என்றது. பேத்தி நர்சிங் படிக்கிறது.

லேடி பேர்ட் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு. அங்கே இப்போது இருக்கிற டீச்சர் ஸ்கூட்டரில் வருகிறவர், ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பழக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இலவச சைக்கிள் என்னோடு திருச்சிக்கு வருகிறது. மகள் குடியிருப்பது மூன்றாவது மாடி. "அம்மா, தில்லைநகர் ட்ராபிக்ல அறுபத்தெட்டு வயசுல எங்க ஓட்டப் போறே?" என்று தினமும் போனில் சண்டை. நான் லிப்ட்டின் அளவை மட்டும் கேட்டேன். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினால் உள்ளே போகும் என்று மாப்பிள்ளை ரகசியமாக அளந்து சொல்லியிருக்கிறார்.

கீழச்சிவல்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் 2003-ஆம் வருஷத்து நாலாம் வகுப்பு மாணவனுக்கு: தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஹெர்குலிஸுக்குப் பின் டயர் ஒன்று, பிரேக் கட்டை நாலு, வால் டியூப் கொஞ்சம் எடுத்து வை. இந்தத் தடவை காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.