மாமாவின் பத்து மாசம்

பட்டாவில் பேர் விட்டுப்போனால் என்ன பாடு என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1980களில் யூ.டி.ஆர். வந்தபோது மாறிப்போன சர்வே நம்பருக்காக இன்னும் தாலுக்கா ஆபீசுக்கு நடக்கிறவர்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். காட்டை உழுது விதைத்து அறுப்பது நாம். காகிதத்தில் மட்டும் வேறொருத்தர். என் மாமாவுக்கு நடந்ததும் அந்த ஜாதி விஷயம்தான். ஆனால் தொலைந்தது நிலம் இல்லை. பத்து மாசம் பன்னிரண்டு நாள்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. மூணு ஏக்கர் காடு, ஒரு கிணறு, ரெண்டு எருமை. பருத்தியும் குச்சிக்கிழங்கும் மாத்தி மாத்திப் போடுவார். 1987-ல் டெரிட்டோரியல் ஆர்மியில் சேர்ந்தார். பேப்பர்காரர்கள் பிராந்திய ராணுவம் என்று எழுதுவார்கள். ஊரில் அந்தப் பேர் யாருக்கும் தெரியாது, 'மில்ட்டேரிக்காரர்' அவ்வளவுதான்.

இது முழுநேரப் பட்டாளம் இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவன், வருஷத்துக்குக் கொஞ்ச நாள் பயிற்சிக்குப் போவான். நாட்டுக்கு வேண்டும் என்கிறபோது கூப்பிட்டால் சீருடை போட்டுக் கிளம்புவான். வேலை முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். விவசாயிக்கு ஏத்த பட்டாளம் என்று மாமா சொல்வார், விதைப்பு நேரத்தில் கூப்பிடாதவரைக்கும். 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ந் தேதி இதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. நம்ம திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் ஆரம்பித்து ராட்டை சுற்றச் சொன்ன அதே ராஜாஜிதான். நம்ம தல தோனிக்கும் 2011-ல் இதில்தான் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள். முன்னாள் படைவீரர்களை வைத்து மலையில் மரம் நடுகிற சுற்றுச்சூழல் பெட்டாலியன்கள்கூட இதில் உண்டு; முதலாவது 1982-ல் டேராடூன் பக்கம் ஆரம்பித்தது.

சிக்கல் பென்ஷன் கணக்கில்தான் இருக்கிறது. பட்டியலில் பேர் இருந்த வருஷமெல்லாம் கணக்கில்லை. கூப்பிட்டு உத்தரவு போட்டு வேலையில் வைத்திருந்த காலம் மட்டும்தான். அதற்கு இங்கிலீஷில் 'எம்பாடிட் சர்வீஸ்' என்று பேர். அப்படித் துண்டு துண்டாகச் செய்த காலத்தை எல்லாம் ஒட்டினால் சிப்பாய்க்குப் பதினைந்து வருஷம் வர வேண்டும். நடுவில் வீட்டில் இருந்த இடைவெளி சர்வீசை முறிக்காது, ஆனால் கணக்கிலும் ஏறாது. ஆக, ஒவ்வொரு தடவை கூப்பிட்டதற்கும் அனுப்பியதற்கும் தேதி போட்ட உத்தரவு இருக்க வேண்டும். 'பார்ட் டூ ஆர்டர்' என்பார்கள். அந்தக் காகிதம் ரெக்கார்டு ஆபீசுக்கு ஒண்ணு, சம்பளக் கணக்கு ஆபீசுக்கு ஒண்ணு என்று போகும். நம்ம அடங்கல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் போகம் என்ன விளைந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

2007-ல் மாமாவை அனுப்பினபோது கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். 14 வருஷம் 2 மாசம் 20 நாள். பென்ஷன் கிடையாது, ஒரு தொகை கிராஜுவிட்டி. மாமா அப்போதே கேட்டிருக்கிறார். 2002 ஜனவரி 9-ல் இருந்து நவம்பர் 20 வரைக்கும் ராஜஸ்தான் எல்லையில் இருந்தேனே, அது எங்கே என்று. எழுத்து வேலை பார்த்த ஆள், "அது பின்னாடி சரியாயிடும், இப்ப கையெழுத்துப் போடு" என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். மாமா போட்டார். ஊருக்கு வந்தார். அந்த வருஷம் கிழங்குக்கு நல்ல விலை, மறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

2001 டிசம்பர் 13-ந் தேதி பார்லிமென்ட் மேல் தாக்குதல் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பின்னால் ராணுவத்தைப் பெரிய அளவில் எல்லைக்கு நகர்த்தினார்கள். ஆபரேஷன் பராக்கிரம் என்று பேர். சண்டை நடக்கவில்லை. பத்து மாசத்துக்கு மேல் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கோடையை மாமா இப்போதும் சொல்வார். "மாப்ள, நம்மூரு சித்திரை வெயிலெல்லாம் நெழலு மாதிரி."

2019-ல் அத்தைக்கு முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போனது. ஆபரேஷனுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். என்று ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது, அதில் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, நானும் மாமாவும் ஒரு ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், காகிதத்தைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, விதிப்படி நீங்க முன்னாள் படைவீரர் கிடையாதுங்க."

டெரிட்டோரியல் ஆர்மியில் இருந்தவர்களில் பென்ஷன் வாங்குகிறவர், பணியால் ஊனமானவர், வீரப் பதக்கம் வாங்கினவர், இவர்கள்தான் அந்தச் சொல்லுக்குள் வருவார்கள். பென்ஷன் இல்லை என்றால் மருத்துவம் இல்லை, கேன்டீன் அட்டை இல்லை, அடையாள அட்டையும் இல்லை. இருபது வருஷம் ஊரே மில்ட்டேரிக்காரர் என்று கூப்பிட்ட மனுஷன் பஸ்சில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டையாம்பட்டியில் வண்டி நின்றபோது எப்போதும் முறுக்கு வாங்குவார், அன்னைக்கு அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டாலியில் இருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதின பெட்டி. "எடு கண்ணு. பாத்துப்போடலாம்."

பக்கத்து ஊரில் ஒரு ரிட்டையர்டு சுபேதார் இருக்கிறார். விஷயம் தெரிந்தவர். அவர் சொன்ன வழி சுலபமானது. பென்ஷனுக்குக் கொஞ்சம் சர்வீஸ் குறைந்தால் அந்தக் குறைவை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். 2001-ல் வந்த உத்தரவுப்படி ஒரு வருஷம் வரைக்கும் மன்னிக்கத் தலைமையகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. உங்களுக்குக் குறைவது ஒன்பது மாசம் பத்து நாள்தான், எழுதிப் போடுங்கள் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"ஏனுங் சுபேதார், நான் எதையுங் கொறைக்கலீங்களே. அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

"பேருதாங்க மன்னிப்பு. காசு வருதா இல்லையா, அதப் பாருங்க."

"காசு வர்றது அப்பறம். நான் அங்கிருந்தேன்னு அவங்க எழுதோணும்."

நான் ரெண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். அத்தை சமையல்கட்டில் இருந்தே, "உங்க மாமன் கெடா மாதிரி, முட்டுனா முட்டுனதுதான். வுட்ரு சாமி" என்றார். மாமாவின் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உங்கள் நிலத்தை நீங்களே புறம்போக்கு என்று ஒத்துக்கொண்டு, கருணை அடிப்படையில் பட்டா கொடுங்கள் என்று கேட்பீர்களா?

பெட்டியில் பெரிய புதையல் எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் புத்தகம், சில போட்டோ, ஒரு கம்பளிக் குல்லா, பராக்கிரம் பதக்கம். சாட்சி அத்தையிடம்தான் இருந்தது. பிஸ்கட் டப்பாவில் மாமா எழுதின இன்லண்ட் லெட்டர் பதினேழு. எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி '56 ஏ.பி.ஓ.'. எல்லையில் இருக்கிறவன் ஊர் பேர் எழுதக்கூடாது, அந்த நம்பர்தான் முகவரி. தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது ஒன்பதில். அதோடு மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்த சம்பளக் கணக்குச் சீட்டு, 2002-க்கு உரியது மூணு. எலி கடித்திருந்தாலும் எண்கள் தெரிந்தன. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க அத்தை விடவில்லை. முகவரிப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேட்டது நாலே விஷயம்: மாமாவின் சர்வீஸ் பதிவேட்டு நகல், 2002-ல் அவர் பேரில் வந்த பார்ட் டூ ஆர்டர், பதக்கம் கொடுத்த உத்தரவு, அந்த வருஷச் சம்பளக் கணக்கு. முதல் பதில், வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து பழைய காகிதம் அழிக்கப்பட்டது என்று ஒரே வரி. முதல் மேல்முறையீடு போட்டோம். அதுக்கு ஃபீஸ் இல்லை. 2020 பிப்ரவரியில் ஒரு கவர் வந்தது, கொஞ்சம் கனமாக.

அதில் இருந்ததைப் படித்தால் சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியாது. பதிவேட்டின் ஒரு பக்கத்தில் மாமாவுக்குப் பராக்கிரம் பதக்கம் கொடுத்ததாக இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் அந்தப் பத்து மாசமும் அவர் வீட்டில் இருந்ததாக இருக்கிறது. இந்தப் பதக்கம் அங்கே போகாதவனுக்குக் கிடைக்காது.

காரணமும் தெரிந்தது. கூப்பிட்ட உத்தரவில் மாமாவின் நம்பரில் 67 என்கிற இடத்தில் 76 என்று அடித்திருக்கிறார்கள். ராணுவ நம்பருக்குப் பின்னால் ஒரு எழுத்து இருக்கும். நம்பர் சரியா என்று சரிபார்க்கத்தான் அது. எண் மாறினால் எழுத்து ஒத்துப்போகாது. ஏறாமல் திரும்பியிருக்கிறது. திரும்பி வந்ததைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். சம்பள ஆபீசுக்குத் திருத்தம் போயிருக்கிறது, ரெக்கார்டு ஆபீசுக்குப் போகவில்லை. மாமாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது: "ஆமா மாப்ள, மொதல் ரெண்டு மாசம் சம்பளம் வரல. சத்தம் போட்டோம். அப்பறம் சேத்து வந்துச்சு." சம்பளம் நின்றால் அடுத்த மாசமே ஆள் சத்தம் போடுவான். சர்வீஸ் ஏறாவிட்டால் வீட்டுக்கு அனுப்புகிற அன்னைக்குத்தான் தெரியும். எந்த ஆபீசிலும் இதுதான் நடக்கும்போல.

நடுவில் சென்னையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். படைவீரர் தீர்ப்பாயம் 2007-ல் சட்டமாகி, சென்னையிலும் ஒரு அமர்வு இருக்கிறது. அவர் ஒரு விஷயத்தை நேராகச் சொன்னார். 2008-ல் தர்செம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, தாமதமாக வந்தால் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தின மூணு வருஷத்துக்குத்தான் பாக்கித் தொகை கிடைக்கும். 2007-ல் இருந்து மொத்தமும் வரும் என்று கனவு காணாதீர்கள் என்றார். கடற்படை ரிசர்வ் ஆட்கள் வழக்கையும் சொன்னார். பத்து வருஷம் வேலை, பத்து வருஷம் ரிசர்வ் என்று சேர்ந்தவர்களை, விதி மாறினதால் ரிசர்வுக்கு எடுக்கவே இல்லை. சேரும்போது போட்ட கையெழுத்து மட்டும் போதாது, ரிசர்வ் பென்ஷன் இல்லை என்று 2016-ல் தீர்ப்பு. சிலருக்குச் சிறப்புப் பென்ஷன் வழி மட்டும் விட்டார்கள். அங்கே காகிதம் இருந்தது, கூப்பிடவில்லை. இங்கே கூப்பிட்டார்கள், போனார், காகிதம் இல்லை. உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது, முதலில் திருத்தம் கேட்டே எழுதுங்கள் என்று வக்கீலே ஃபீஸ் வாங்காமல் அனுப்பினார்.

அப்புறம் கொரோனா. ஒரு வருஷம் எதுவும் நகரவில்லை. அத்தையின் முட்டி காத்திருக்காதே. 2021-ல் நகையைச் சொசைட்டியில் அடகு வைத்து ஒரு காலுக்கு ஆபரேஷன் செய்தோம். பருத்தி ஏலத்தில் வந்த பணம் வட்டிக்குப் போனது. மாமா மூணு மாசத்துக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் போடுவார், ரிஜிஸ்டர் தபாலில், ரசீதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். மொத்தம் பதினோரு கடிதம். எல்லாம் நான் அடித்ததுதான், ஆனால் கடைசி வரி மட்டும் அவர் சொல்கிறபடி இருக்க வேண்டும்: மன்னிப்பு கோரவில்லை, திருத்தம் கோருகிறேன்.

2022 கடைசியில் திருத்த உத்தரவு வந்தது. ஒரு பக்கம், நாலு வரி. 76 என்பதை 67 என்று படிக்கவும். மொத்த சர்வீஸ் 15 வருஷம் 1 மாசம் 2 நாள். மாமா அதைப் படிக்கச் சொல்லி மூணு தடவை கேட்டார். அப்புறம் எருமைக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

பென்ஷன் உத்தரவு 2023-ல் ஏறியது. இப்போதெல்லாம் 'ஸ்பர்ஷ்' என்று கம்ப்யூட்டரில்தான், வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று அதில் காட்ட வேண்டும். மாசா மாசம் வருகிறது. 2007-ல் வாங்கின கிராஜுவிட்டியைப் பாக்கியில் கழித்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். பாக்கி எந்த வருஷத்தில் இருந்து என்பதற்கு இன்னும் பதில் இல்லை. தப்பு அவர்கள் பக்கம் என்று அவர்கள் உத்தரவே சொல்கிறபோது மூணு வருஷக் கணக்கு ஏன் என்று கேட்டுப் பன்னிரண்டாவது கடிதம் போட்டிருக்கிறோம்.

முன்னாள் படைவீரர் அட்டைக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. அதில் புதுசாக ஒண்ணு கிளம்பியிருக்கிறது. 1987-ல் சேர்ந்தபோது சொந்த மாவட்டம் சேலம் என்று இருக்கிறது, ஆதாரில் நாமக்கல் என்று இருக்கிறது, ஏன் வித்தியாசம் என்று கேட்கிறார்கள். 1997-ல் மாவட்டத்தைப் பிரித்தது அரசாங்கம், மாமா அதே வீட்டில்தான் இருக்கிறார். அதற்கு ஒரு சான்று வாங்க வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போக வேண்டும். திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அன்னைக்குக் கிழங்கு பிடுங்க ஆள் வருது, அதனால் மாமா மட்டும் போகிறார்.