எர்த் பார்க்கும் விளக்கு

வண்டலூருக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் உற்பத்தி செய்துவந்த ஹெரால்டு கார்களுள் ஒன்றை என் நண்பர் ஒருவர் இன்றளவும் சிரத்தையோடு பேணி ஓட்டிவருகிறார். அக்காரின் மீட்டர் போர்டு விளக்குகள் அவிந்துபோய், இரவுப் பிரயாணங்களில் வேகம் இன்னதென்று அறியாமலே அவர் வண்டியோட்ட நேர்ந்தது. பல்பை மாற்றியும் பயனில்லை. தரகர் ஒருவர் அழைத்துச் சென்ற பட்டறையிலோ, ஒயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டாலன்றித் தீராது என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டுவிட்டார்கள். மனம் சலித்திருந்த நண்பருக்கு, புதுப்பேட்டையில் உள்ள ஒரு முதியவரைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொழில் என்பது இன்னதென்று காண விருப்பமானால் உடன் வரலாம் என்று அவர் அழைக்க, நானும் சென்றேன்.

எழும்பூரை ஒட்டிக் கூவக் கரையில் அமைந்த புதுப்பேட்டை, பழைய வாகனங்களைப் பிரித்து உதிரி பாகங்களாக விற்கும் வியாபாரத்துக்குப் பெயர்பெற்றது. கதவுகளும் கண்ணாடிகளும் கியர்பாக்ஸ்களும் கடைவாசல்தோறும் குவிந்துகிடக்கும் அத்தெருக்களைக் கடந்து ஒரு குறுகிய சந்தினுள் சென்றால், தகரக் கூரையிட்ட ஒற்றை அறையில் அவருடைய பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அக்கம்பக்கத்தார் அனைவரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள்.

காரைக் கண்டதும் அவர் மீட்டர் போர்டைக் கழற்றவில்லை, கேள்விகளைத்தான் தொடுத்தார். பார்க்கிங் லைட் போட்டால் பின்விளக்கு எரிகிறதா என்பது முதற்கேள்வி. எரிகிறது என்றார் நண்பர். பிரிட்டிஷ் மரபில் வந்த இவ்வண்டிகளில் மீட்டர் போர்டு விளக்குகளுக்கு மின்சாரம் பார்க்கிங் லைட்டின் சுவிட்சிலிருந்தே செல்வதால், பின்விளக்கும் சேர்ந்து அவிந்திருந்தால் பழுது சுவிட்சிலோ அதற்கு முன்னதாகவோ இருக்கும். பின்விளக்கு எரிந்தால் சுவிட்சைத் தாண்டித் தேட வேண்டும். ஒரே வினாவில் காரின் பாதி ஒயரிங் சந்தேகத்திலிருந்து நீங்கிவிட்டது.

இரண்டாவது கேள்வி எனக்கு வியப்பளித்தது. "பெட்ரோல் முள்ளு நெசத்தைக் காட்டுதா சார்?" என்றார். நண்பர் திகைத்து, முள் எப்போதும் கூடுதலாகவே காட்டுவதாகவும், அதை நம்பிச் சென்று ஒருநாள் நடுச்சாலையில் பெட்ரோல் தீர்ந்து நின்றதாகவும், அது வேறொரு கோளாறு என்றெண்ணித் தாம் சொல்லாமல் விட்டதாகவும் கூறினார். "வேற இல்ல சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி அவர் எழுந்தார்.

அவர் கையிலெடுத்த சாதனம் விலைக்கு வாங்கியதன்று. 5 வாட் பல்பு ஒன்று, அதன் ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயர்கள், ஒன்றின் முனையில் முதலை வாய்க் கிளிப், மற்றதன் முனையில் கோணி தைக்கும் ஊசி. இவ்வளவுதான் டெஸ்ட் லாம்ப். மல்டிமீட்டரும் அவரிடம் உண்டு. ஆயினும் இவ்வேலைக்கு அதை அவர் எடுப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. மீட்டர் மிக அற்பமான மின்சாரத்தையே இழுத்து அளக்கிறது. ஆகையால் துருவேறி, ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் இணைப்பிலும் அது 12 வோல்ட் என்று காட்டிவிடக்கூடும். டெஸ்ட் லாம்ப்போ எரிவதற்கே அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்தைக் கேட்கிறது. பலமற்ற இணைப்பு அதைத் தர முடியாமல் தன் பலவீனத்தை வெளிப்படுத்திவிடுகிறது. சுமையை ஏற்றிப் பார்க்கும் பரீட்சையே மெய்யான பரீட்சை என்பதைப் பெரியவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்.

கிளிப்பைக் காரின் இரும்பு உடம்பில் மாட்டி, ஸ்பீடோமீட்டரின் முதுகில் செருகியிருந்த விளக்கு ஹோல்டருக்கு வரும் வெள்ளைக் கோடிட்ட சிவப்பு ஒயரில் ஊசியை வைத்தார். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரிந்தது. ஆகவே மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னர் அதே ஊசியை ஸ்பீடோமீட்டரின் உலோகக் கூட்டின்மேல் வைத்தார். அக்கணம் அவர் கையிலிருந்த விளக்கு மங்கலாக ஒளிர, அத்தனை மாதம் இருண்டுகிடந்த மீட்டர் போர்டும் உடன் மங்கலாக ஒளிர்ந்தது. கடைமடை அடைபட்ட வாய்க்காலில் நீர் நகராமல் நிற்பதுபோல, திரும்பிச் செல்ல வழியின்றி நின்றிருந்த மின்சாரம், டெஸ்ட் லாம்ப்பின் வழியே உடம்புக்கு இறங்கப் பாதை கிடைத்ததும் ஓடத் தொடங்கியது.

"விளக்கு எரியலேன்னா கரண்டு போறதைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. அது திரும்பி வரணுமே, அந்த எர்த்தை யாரும் பாக்கறதில்ல" என்றார் பாய்.

முன்னாள் உரிமையாளர் ஒருவர் காரை அலங்கரிக்கும் ஆசையில் பழைய முகப்பை நீக்கிப் பளபளக்கும் தேக்குப் பலகையைப் பொருத்தியிருந்தார். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மீட்டரிலிருந்து காரின் உடம்புக்குக் கறுப்பு ஒயர் ஒன்று தனியே செல்ல வேண்டும். அதை முறுக்கி ஒட்டிவிட்டிருந்தார்கள்; காலப்போக்கில் அது கழன்றுவிட்டது. முள்ளுகளுக்குச் செல்லும் மின்சாரத்தைச் சராசரி 10 வோல்ட் அளவில் நிறுத்தும் சிறு பெட்டியும் அதே கூட்டின்மேல்தான் அமர்ந்திருக்கிறது. எர்த் இல்லையெனில் அதன் உள்ளிருக்கும் தகடு சூடேறாது, இடையிடையே துண்டிக்கவும் செய்யாது. பாட்டரியின் முழு வோல்ட்டேஜும் முள்ளுக்குச் சென்று, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். இரு நோய்க்கும் மூலம் ஒன்றாயிருந்ததன் ரகசியம் இதுவே. பெயிண்டைச் சுரண்டி, ஒயரின் நுனியில் வளையம் பற்றவைத்து, பல்லுள்ள வாஷருடன் திருகி, துரு பிடிக்காதிருக்க வாசலைன் தடவினார். இரண்டு வோல்ட் இழந்தாலே பல்பின் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பதால், சிவப்பு ஒயரின் இணைப்புகளையும் சுத்தம் செய்தார். 2.2 வாட் பல்புகள் தம் முழுப் பிரகாசத்தோடு எரிந்தன.

வேலை முடிந்தபின் அவருடைய வரலாற்றைக் கேட்டேன். வாணியம்பாடியில் தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பள்ளியை நடுவிலே விட்டு, பட்டணத்தில் டைனமோ பழுதுபார்க்கும் உஸ்தாத் ஒருவரிடம் சிறுவனாக வந்து சேர்ந்தவர். முதற்சில வருஷங்கள் ஆர்மேச்சரின் செம்புக் கட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்காவை, தேய்த்து மெலிதாக்கிய ஆக்ஸா பிளேடினால் கீறியெடுப்பதே அவர் வேலை. ஆழம் பிசகினால் உஸ்தாத்தின் கை முதுகில் விழும். எழுத்தறிவு அதிகமில்லாத அவர் ஒயர்களின் நிறத்தையே படித்தார்: பழுப்பு பாட்டரியிலிருந்து வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை பியூஸைத் தாண்டிய இக்னிஷன், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். அழுக்கேறி எல்லாம் ஒரே நிறமாகிவிட்ட கட்டைக் கண்டால், டேப்பை இரண்டு அங்குலம் பிரித்து, வெயில் படாத இடத்தில் அசல் நிறத்தைக் கண்டுகொள்கிறார். அவர் மகன்கள் இருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. வரவேண்டுமென்று அவரும் விரும்பவில்லை.

அதன் காரணத்தைக் கேட்டபோது என் நெஞ்சம் கொதித்தது. வண்டியைக் கொண்டுவரும் தரகனுக்கு, மாற்றப்படும் பொருளில்தான் கமிஷன். ஒயரிங் செட் முழுவதும் மாறினால் கடைக்காரனுக்கு லாபம், தரகனுக்குப் பங்கு. கழன்ற ஒரு கறுப்பு ஒயரைக் கண்டுபிடித்தால் இருவருக்கும் நஷ்டம். ஆகவே பழுதைச் சரியாக அறிபவரிடம் வண்டியை அனுப்பாதிருப்பதே தரகனுக்கு ஆதாயமாகிவிடுகிறது. வண்டிக்காரர்களாகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லோம். புதுப்பொருளுக்கு ஆயிரங்களை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு, ஒரு திருகு திருகியதற்கு இவ்வளவா என்று பெரியவரிடம் பேரம் பேசுகிறோம். திருகியது ஒரு நிமிஷம். திருக வேண்டிய இடம் இதுவென்று அறிய ஓர் ஆயுள் சென்றிருக்கிறது. அந்த ஞானத்துக்கு ரசீதில் ஒரு வரி கூடக் கிடையாது.

இனி வரும் வண்டிகளில் மீட்டர் போர்டு முழுதும் மின்னணுச் சாதனமாக, திறக்கவொண்ணாத ஒரே பெட்டியாக அமைகிறது. ஒரு விளக்கு போனாலும் பெட்டியையே மாற்றுவதுதான் பல இடங்களில் வழக்கம். டெஸ்ட் லாம்ப்பை அதன் ஒயரில் வைத்தால் உள்ளிருக்கும் நுண்ணிய சுற்றுகள் கெடக்கூடும் என்பதையும் பாய் நன்கறிவார். ஆனால் முதலில் கேள், பின்பு பாதியை விலக்கு, சுமையேற்றிச் சோதி, திரும்பும் பாதையையும் பார் என்னும் அவருடைய முறை எந்தக் காலத்து வாகனத்துக்கும் பொருந்தும். தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தகையோரை, சான்றிதழ் கேளாமல், மதிப்பூதியம் தந்து மாணவர்முன் நிறுத்த வேண்டும். பட்டறைகள் பழுதறிவதற்கென்று தனிக் கூலியைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். நாமும் அதை முகஞ்சுளிக்காமல் கொடுக்கப் பழக வேண்டும். அறிவுக்குக் கூலி கொடுத்துப் பழகாதவரை, தேவையற்ற பொருளுக்கு விலை கொடுத்துக்கொண்டேயிருப்போம்.