பயணம் எப்போது முடிகிறது?

பாஸ்போர்ட் ரெடி. விசா வந்தாச்சு. ஊறுகாய் பாட்டிலை பிளாஸ்டிக் கவரில் மூன்று சுற்று சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாச்சு. வெளிநாடு கிளம்பும் நம்மவர்களின் ஆயத்தம் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். நான் அதைவிடக் கொஞ்சம் உஷார் பேர்வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போச்சு என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2018 செப்டம்பர். பத்திரிகை வேலையாக உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் பத்து நாள் தங்க வேண்டியிருந்தது. அந்த நாட்டுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் திரும்பினால், நம்ம ஊர் ஏர்போர்ட்டிலும் ஆறு நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், முன்கூட்டியே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போய் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதும். 2016-லிருந்து அப்படித்தான் விதி.

கூடவே டாக்டர் ஒருவர் மலேரியா வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் தொடங்கி, அங்கே தினம் ஒன்று. திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம்.

கம்பாலாவில் நான் சமர்த்துப் பிள்ளை. சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கை கால்களில் கொசு க்ரீம், ராத்திரி வலைக்குள் தூக்கம், காலையில் மாத்திரை. சென்னையில் வந்து இறங்கிய மறுநாளே நிறுத்திவிட்டேன்.

"என்னங்க, இன்னும் அட்டை அட்டையா மாத்திரை இருக்கே?" என்றாள் மனைவி.

"கொசு அங்கே, நான் இங்கே. இனிமே எதுக்கு?"

பதினேழாம் நாள் காய்ச்சல். தெருவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்த அக்டோபர் மாதம். பக்கத்து கிளினிக்கில் டாக்டர், "மழையில நனைஞ்சீங்களா?" என்றார். "ஆமா டாக்டர்." அது பொய்யில்லை, நனைந்திருந்தேன். வெளியூர் போனீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாம் நாள் ராத்திரி மூன்று போர்வைக்குள்ளும் உடம்பு தூக்கிப் போட்டது. விடியற்காலையில் மனைவியை "அம்மா" என்று கூப்பிட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவள் பயந்துபோய், மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அட்டையை டாக்டர் மேஜையில் வைத்து, "ஆப்பிரிக்கா போயிட்டு வந்தார் சார். இதைப் பாதியில நிறுத்திட்டார்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஃபால்சிபாரம் மலேரியா, மூளை வரை தாக்கக்கூடிய ரகம். ஐ.சி.யூ.வில் நான்கு நாள், ஆர்ட்டிசுனேட் ஊசி. டிராவல் இன்ஷூரன்ஸ் ஊர் திரும்பிய அன்றே முடிந்துவிட்டது என்பதால் பில் முழுக்க என் கையிலிருந்து!

"கொசு அங்கேதான். ஆனா அது கொடுத்த சரக்கை நீங்க சுமந்துட்டு வந்துட்டீங்களே!" என்றார் டாக்டர். மலேரியாக் கிருமி முதலில் கல்லீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாள் கழித்துத்தான் ரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளின் அதைப் பிடிப்பது பெரும்பாலும் ரத்தத்தில்தான். கிருமி வெளியே வரும்போது மாத்திரை அங்கே காவலுக்கு இருக்க வேண்டாமா? அதற்குத்தான் அந்த நான்கு வாரம். நான் பி.காம். படித்தவன். போன வருஷத்துப் பாக்கி இந்த வருஷக் கணக்கில் வந்து உட்காரும் என்பது எனக்கே தெரியாமல் போச்சு, பாருங்கள்!

ஃபாஸ்டோ கோப்பி என்று இத்தாலியில் ஒரு சைக்கிள் வீரர். டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தை இரண்டு முறை ஜெயித்தவர். 1959 டிசம்பரில், இன்று புர்கினா ஃபாஸோ என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்க நாட்டுக்கு ஒரு பந்தயத்துக்காகப் போனார். ஊர் திரும்பியதும் காய்ச்சல். டாக்டர்கள் மலேரியா என்று கண்டுபிடிக்கவில்லை. 1960 ஜனவரி 2-ம் தேதி இறந்துபோனார். வயது 40. அவரோடு போன பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல்தான். மலேரியா என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் 99 வயது வரை வாழ்ந்து, 2024-ல்தான் காலமானார். ஒரே பயணம், ஒரே நோய். ஒருவருக்கு சரியான நேரத்தில் பெயர் தெரிந்தது, இன்னொருவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

யோசித்துப் பார்த்தேன். ஊசியை மட்டும் ஏன் அவ்வளவு ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன்? கவுன்ட்டரில் மஞ்சள் புத்தகத்தைக் கேட்பார்கள். மாத்திரையை யாரும் கேட்க மாட்டார்கள். ஆடிட்டர் கேட்கிற வவுச்சரை மட்டும் பத்திரப்படுத்துகிற புத்தி!

நீங்கள் அப்படி இருக்காதீர்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறீர்களா? உங்களுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரிடமே கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் டாக்ஸிசைக்ளின் ஆகாது. சொன்ன கடைசி நாள் வரை சாப்பிடுங்கள். வந்த பிறகு ஒரு வருஷத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல், உள்ளே நுழைந்ததும், "இந்த ஊருக்குப் போய் வந்து இத்தனை நாளாச்சு" என்று சொல்லிவிடுங்கள்.

என் மனைவி அந்த மாத்திரை அட்டைகளில் ஒன்றை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். நான் ஏதாவது, "இனிமே எதுக்கு?" என்று ஆரம்பித்தால், எதுவும் பேசாமல் பீரோவைத் திறக்கிறாள்.